நாற்பத்தொரு மணி நேர வாளி

புதிதாகச் செய்த மரவாளி ஒழுகும். ஒழுகத்தான் வேண்டும். அதில் பசை கிடையாது, ஆணி கிடையாது, எம்சீல் கிடையாது. காய்ந்த பலகைகள் பதினாறு, அவற்றை வெளியிலிருந்து இறுக்கும் இரண்டு இரும்புப் பட்டைகள், அடியில் ஒரு காடிக்குள் மாட்டி உட்கார்ந்திருக்கும் வட்டப் பலகை, அவ்வளவுதான். முதல் தடவை தண்ணீர் ஊற்றும்போது எல்லா இடுக்கிலும் வடியும். விடாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மரத்தின் நார்ச் சுவர்கள் தண்ணீரைக் குடித்துத் தடிக்கும். பலகை அகலத்தில் உப்பும், நீளத்தில் அநேகமாக மாறவே மாறாது. உப்பிய பலகை வெளிப்பக்கம் போகலாமென்று பார்த்தால் இரும்புப் பட்டை விடாது. வேறு வழியில்லாமல் பக்கத்துப் பலகையை நெருக்கும். ராத்திரி முழுக்க ஒன்றையொன்று இப்படி நெருக்கிக்கொண்டிருந்துவிட்டு, காலையில் பார்த்தால் ஒழுகல் நின்றிருக்கும்.

அதற்கப்புறம் அதைக் காயவிடக் கூடாது. நம்மூர் சித்திரை வெயிலில் ஒரு வாரம் வெறுமனே கிடந்தால் பலகைகள் சுருங்கும், பட்டைகள் தளர்ந்து கீழே நழுவும், வாளி மறுபடியும் பதினாறு பலகையாகிவிடும். அழகாக இருக்கிறதே என்று ஷோகேஸில் வைத்தால் அங்கேயே செத்துவிடும் பொருள் இது.

போன மழைக்காலத்தில், பொன்னேரி வீட்டின் பின்கட்டில் இப்படி ஒரு வாளி செய்தேன். பதினொரு வார இறுதிகள், மொத்தம் 41 மணி நேரம். இதைக் குறித்து வைத்திருப்பதற்குக் காரணம் ஆபீஸ் பழக்கம். வெள்ளிக்கிழமை தோறும் அரை மணி நேரத் துண்டுகளாக டைம்ஷீட் நிரப்பி நிரப்பி, எதைச் செய்தாலும் நேரம் எழுதுகிற வியாதி வந்துவிட்டது. அளவுகளும் அதே நோட்டில் இருக்கின்றன. வாயின் உள்விட்டம் 28 செ.மீ., அடியில் 24, உள் ஆழம் 27, கொள்ளளவு 14 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. பலகை ஒவ்வொன்றும் மேலே 6.2 செ.மீ. அகலம், கீழே 5.4. பதினாறும் சேர்ந்து வட்டமாக வேண்டுமென்றால் ஒவ்வொரு விளிம்பையும் 11.25 டிகிரி சாய்த்து இழைக்க வேண்டும். வாளி கீழே குறுகுவதால் சரியான கோணம் 11.22 என்று திரிகோணமிதி சொல்கிறது. என் இழைப்புளிக்கு அந்த 0.03 தெரியாது. ஆனால் அரை டிகிரி தெரியும். விளிம்புக்கு அரை டிகிரி பிசகினால் முப்பத்திரண்டு விளிம்புகளில் பதினாறு டிகிரி, கிட்டத்தட்ட முக்கால் பலகை அகலத்துக்கு வட்டம் வாய் பிளந்து நிற்கும். இந்த மாதிரி பிழை கூடிக்கொண்டே போவதை கோடில் பார்த்திருக்கிறேன். மரத்தில் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது, விரலை விட்டுப் பார்க்கலாம்.

மரம் வந்தது கும்மிடிப்பூண்டி வழியாக. அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அது இரும்பின் ஊர். பழைய இரும்பை உருக்கி, பாளமாக்கி, உருட்டிக் கட்டுமானக் கம்பியாக்கும் ஆலைகள், அவற்றின் நடுவே கெமிக்கல், ரப்பர், பிளாஸ்டிக். வெளிநாட்டிலிருந்து இயந்திர உதிரிகள் வந்து இறங்கும்போது அடியில் ஒரு பைன் மரப் பேலட் இருக்கும். சரக்கை எடுத்த பிறகு பேலட்டுக்கு வேலை இல்லை. சுற்றுவட்டாரத்து மரக் கழிவுக் கடைகளில் அது எடைக்குக் கிடைக்கும். வாங்கும்போது முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். கோதுமைக் கதிர் படத்துக்குப் பக்கத்தில் 'ஹெச்டி' என்றிருந்தால் பூச்சி போவதற்காக மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். 'எம்பி' என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தண்ணீர் வைக்கிற பாத்திரத்துக்கு அதைத் தொடக்கூட வேண்டாம்.

எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்போம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்தான், பாதி வார்த்தை அங்கேயிருந்து நடந்து வந்துவிடும். நைனா முப்பது வருஷம் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் இருந்தவர். உருளைக்கு அந்தப் பக்கம் சிவக்கச் சிவக்கப் பாம்பு மாதிரி வெளியே வரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பி அடுத்த உருளைக்குக் கொடுக்கிற வேலை. மூன்றாவது வார இறுதியில் பின்கட்டுக்கு வந்து, பரப்பி வைத்திருந்த பலகைகளைப் பார்த்தார்.

"இன்னாத்துக்குடா இது? பிளாஸ்டிக்ல இருநூறு ரூபாய்க்குத் தரானே."

"சும்மா நைனா. கையால ஒண்ணு செய்யணும்னு தோணிச்சு."

"நான் முப்பது வருஷம் கையாலதான் செஞ்சேன்" என்றார். அதற்கு மேல் எதுவும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

கையால் செய்வது நல்லது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்த ஆசை இருக்கிறது. ஒருவர் மண்பாண்டம் வகுப்புக்குப் போகிறார், ஒருவர் ரொட்டி சுடுகிறார், ஒருவர் தறி வாங்கலாமா என்று விசாரிக்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யூடியூபில் ஒரு ஜப்பானியப் பெரியவர் மரவாளிக்கு மூங்கில் பட்டை முடைவதை, பின்னணி இசை இல்லாமல், இழைப்புளி சத்தத்தோடு மட்டும் பார்க்கிறோம். நானும் பார்த்தேன், அந்த இருபது நிமிடமும் மனசு குளிர்ந்துதான் போனது. அதே வாரம் எங்கள் தெருவில் கதவு வேலை செய்துகொண்டிருந்த தச்சரைப் பற்றி வீட்டுக்காரர் பேசியது "இன்னும் முடிக்கலையா அந்தாளு" என்பது மட்டும். இரண்டு பேர் கையிலும் இருப்பது இழைப்புளிதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பலகைகளை நிறுத்தி வைத்துப் பட்டை கட்டுகிற வாளி நம் மரபு இல்லை. நம் கிணறுகளில் ஏற்றச் சால் இருந்தது, கவலையில் தோல் பை இருந்தது, பனையோலைப் பட்டை இருந்தது, பிறகு தகரமும் இரும்பும் வந்தன. பீப்பாய் என்கிற வார்த்தையே போர்த்துகீசியர் விட்டுப்போனது. இந்த நுட்பத்துக்கு நம்மிடம் இருக்கும் ஒரே சொந்தக்காரன் மாட்டுவண்டிச் சக்கரம்: குடம், ஆரக்கால், வட்டை என்று மரத்தைக் கோத்து, கடைசியில் சிவக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சுருங்கி மொத்தத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆக, பாட்டன் கலையை மீட்டெடுத்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆனால் பீப்பாய் செய்தவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருந்திருக்கிறார்கள். பொன்னேரியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் பழவேற்காடு. அங்கே டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள், 1825 வாக்கில்தான் ஒரேயடியாக விட்டுப் போனார்கள். கோட்டை இன்று முள்காடு, கல்லறைகள் மட்டும் மண்டை ஓடும் எலும்பும் செதுக்கிய வாசலோடு நன்றாக இருக்கின்றன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் தச்சன், பாய் தைப்பவன் மாதிரி பீப்பாய்க்காரனும் ஓர் உத்தியோகஸ்தன். குடிதண்ணீர், உப்புக்கறி, சாராயம் எல்லாம் அவன் கை பார்த்த பீப்பாயில்தான் கடல் தாண்டின. பழவேற்காட்டில் வெடிமருந்து ஆலையும் இருந்தது. வெடிமருந்து போனதும் மரப் பீப்பாயில். இன்னொன்றும் போனது. 17ஆம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட இந்தக் கடற்கரை மனிதர்கள் பழவேற்காட்டிலிருந்து படாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள். அவர்கள் வழியில் குடித்த தண்ணீர் எதில் இருந்திருக்கும்? ஒழுகாத, கச்சிதமான, கையால் இழைத்த பலகைகளுக்குள். கல்லறைகளுக்கு நடுவில் நின்றபோது எனக்கு இதுதான் ஓடியது. நன்றாகச் செய்யப்பட்ட பொருள் நல்லதையும் கொண்டுவரும் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. அந்தப் பீப்பாய்க்காரன் அநேகமாக என்னைவிட நூறு மடங்கு நேர்த்தியாக வேலை செய்திருப்பான்.

கைவேலையை உயர்த்திப் பேசியவர்களில் நமக்கு நெருக்கமானவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர், தந்தை சர் முத்து குமாரசுவாமி யாழ்ப்பாணத் தமிழர், தாய் ஆங்கிலேயர். படித்தது நிலவியல். அதாவது அவரும் சயின்ஸ் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்தான், அதனால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வந்தது. வில்லியம் மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகம் பயன்படுத்திய அதே கைஅச்சு இயந்திரத்தில், தன் வீட்டிலேயே வைத்து, ஒரு வருஷத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு அடித்த 425 பிரதிகள். கைவினைஞனைப் பற்றிய புத்தகத்தைக் கைவினையாகவே செய்ய வேண்டும் என்ற பிடிவாதம். இயந்திரம் பொருளைக் கெடுப்பதைவிட அதைச் செய்கிறவனைக் கெடுக்கிறது என்பது அவர் வாதம். ஒருவன் செய்யும் வேலையிலிருந்து அவனுடைய யோசனையைப் பிடுங்கிவிட்டால் மிச்சம் இருப்பது கூலி மட்டும். இதுவரை அவரோடு போகலாம். அவர் அங்கே நிற்கவில்லை. தகப்பன் தொழிலை மகன் செய்வது, சாதியே தொழிற்குழுவாக இருப்பது, இதுதான் இந்தியக் கைவினைஞனின் நிம்மதிக்குக் காரணம் என்றும் நம்பினார்.

தமிழ்நாட்டில் இதை யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1953இல் ராஜாஜி அரசு கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றொரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் அதை எதிர்த்தார். மறு வருஷமே ராஜாஜி பதவி விலக, காமராசர் வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டார். திட்டத்தை ஆதரித்தவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு பேசியதாக நான் நினைக்கவில்லை. கைவேலைக்கு மதிப்பு வேண்டும், பையன்கள் வெறும் குமாஸ்தாவாகக் கூடாது என்று இன்றைக்கு நான் சொல்கிற அதே வார்த்தைகளைச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். பிரச்சினை எளிமையானது. சிரைப்பவர் மகனுக்கும் வெளுப்பவர் மகளுக்கும் அந்த மீதி நேரம் எங்கே போகும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதினேழு வருஷம் முன்பே, 1936இல், அம்பேத்கர் சாதியை வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்துகிறவர்களுக்குப் பதில் எழுதிவிட்டார்: அது வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது, பிறப்பை வைத்து வேலையைத் தலையில் கட்டுகிறது, பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டவனிடம் எப்படித் திறமையை எதிர்பார்ப்பது என்று கேட்டார்.

நைனாவின் தலைமுறை தங்கள் பிள்ளைகளின் கையில் கரண்டியோ இடுக்கியோ உளியோ வரக் கூடாது என்று வைராக்கியமாக இருந்ததற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. என்னை இன்ஜினியரிங் சேர்த்த அன்று அவர் சொன்ன ஒரே வாக்கியம், "சட்டை மடிப்பு கலையாம வேலை செய்." அந்த மகன் ஞாயிற்றுக்கிழமை மரத்தூளில் குளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவருக்கு என்னவாக இருக்கும்?

இருந்தாலும் ஒன்பதாவது வாரம் அவரே வந்தார். பட்டை சரியாக உட்கார மறுத்துக்கொண்டிருந்தது. வாளி மேலே அகலம், கீழே குறுகல். நேராக வளைத்த ஜிஐ பட்டையை ஏற்றினால் ஒரு விளிம்பு மட்டும் மரத்தைத் தொடும், இன்னொரு விளிம்பு விலகி நிற்கும். பட்டையே புனல் மாதிரி லேசாக விரிந்திருக்க வேண்டும். நான் வீடியோவை மூன்றாவது தடவை ஓட்டிக்கொண்டிருந்தேன். நைனா பட்டையை வாங்கி, வீட்டில் கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடந்த தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, ஒரே ஓரத்தில் மட்டும் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். ஓரம் மெலிந்தது, மெலிந்த பக்கம் நீண்டது, நீண்டதால் பட்டை விரிந்துகொண்டே வந்தது. "ரோலு ஒரு சைடு டைட்டா இருந்தா கம்பி மறு சைடுக்குத் திரும்பிடும். அதான் இது" என்றார். அவ்வளவுதான் விளக்கம். பொருளியந்திரவியல் என்று நான் இரண்டு செமஸ்டர் படித்ததை அவர் முப்பது வருஷம் கண்ணால் பார்த்திருக்கிறார். பாளம் உலையிலிருந்து வரும் நிறத்தை வைத்து, இது உருளும், இது உடையும் என்று சொல்வாராம். தூரத்திலிருந்து, அந்தச் சூட்டில், நொடிக்குள். அவருடைய சம்பளச் சீட்டில் இருந்த வார்த்தை 'ஹெல்பர்'.

எனவே கை எதிர் இயந்திரம் என்று இதைப் பிரிப்பது உதவாது. ரோலிங் மில்லில் கை இருந்தது, கண் இருந்தது, கூர்மையான திறமை இருந்தது, அதைத் தவறவிட்டால் தொடையில் கம்பி பாயும் என்கிற அளவுக்கு அக்கறையும் இருந்தது. குமாரசுவாமி கேட்ட எல்லாமே அங்கே இருந்தது என்றுகூடச் சொல்லலாம். என் பின்கட்டில் இருந்து அவர் மில்லில் இல்லாதது ஒன்றுதான். எனக்குத் தோள் வலித்தால் இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். பத்து நாள் கழித்து வந்து தொடரலாம். பிடிக்கவில்லையென்றால் பதினாறு பலகையையும் அடுப்பில் போடலாம், என் வீட்டு அரிசி ஒரு படி குறையாது. என் 41 மணி நேரத்தில் நான் அனுபவித்த அத்தனை சுகமும் இந்தக் கீழே வைக்கும் சுதந்திரத்தின் மேல் கட்டியது. அதைக் கழற்றிவிட்டு மீதியை மட்டும் எடுத்து 'உழைப்பின் அழகு' என்று பேசினால், பேசுகிறவர் நைனாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

சிமோன் வெய் என்ற பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியை இதை உடம்பால் சோதித்துப் பார்த்தவர். 1934 டிசம்பரில் பள்ளிக்கூட வேலைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பாரிஸில் ஆலைத் தொழிலாளியாகச் சேர்ந்தார். முதலில் மின்சாதன ஆலை, கடைசியில் ரெனோ கார் ஆலை, 1935 ஆகஸ்ட் வரை. ஏற்கெனவே தலைவலிக்காரர், கையும் சாமர்த்தியம் போதாது. அவர் கடிதங்களிலும் நாட்குறிப்பிலும் உடல் வலியைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது, ஆனால் தன்னை உடைத்தது அது இல்லை என்கிறார். வேகமும் உத்தரவும்தான். எண்ணிக்கைக்கு ஓட வேண்டியிருப்பதால் யோசிக்க முடியாது. உத்தரவு எப்போது எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாததால் மனசு எதிலும் ஊன்றாது. சில வாரங்களில் தனக்கு உரிமை என்று ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோய், பஸ்ஸில் ஏறி உட்காரும்போதுகூட 'இது எனக்கு அனுமதியா' என்று தோன்றியதாம். அவருக்கு ஒரு வசதி இருந்தது, அது அவருக்கே தெரியும்: திரும்பிப் போகப் பள்ளிக்கூடம் இருந்தது.

இந்த நேரம் யாருடையது என்கிற தகராறு எங்கள் பக்கம் பழைய சரித்திரம் இல்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் நாளைக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை போட்டிருந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு திருத்த மசோதா நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, ஆனால் ஒரு நாளைக்குப் 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி பிறக்கும். நாலு நாள் வேலை, மூணு நாள் ஓய்வு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள். கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கிளம்பின. மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923இல் சென்னையில் நாட்டின் முதல் மே தினக் கூட்டத்தை நடத்தி அன்றோடு சரியாக நூறு வருஷம். நான் இதையெல்லாம் ஆர்வமாகப் படித்துச் சொன்னபோது நைனா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நாங்க அப்பவே பன்னெண்டுதான்டா. இப்பதான் பேப்பர்ல போட்டானா?" என்றார்.

'விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்' என்ற அந்தச் சொற்றொடரில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஆலைக்குப் பின்னால் ஓர் அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையனுக்கு விருப்பம் என்பது என்ன? கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களைப் பார்க்கலாம், நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டு. நேரத்தைச் செலவு செய்ய அவர்களுக்கு இருப்பது அந்த பெஞ்ச்தான். எனக்கு ஒரு பின்கட்டு இருக்கிறது.

அம்மாவின் பார்வை தனி. வாளி ஒழுகல் நின்ற அன்று தூக்கிப் பார்த்தாள். காய்ந்திருக்கும்போதே மூணு கிலோ, ஊறினால் இன்னும் கூட, நிறைய தண்ணீர் பிடித்தால் பதினேழுக்கு மேல். "காலியாவே கால் கொடம் கனம். இத எவ தூக்குவா?" என்று வைத்துவிட்டாள். மரவாளியை, பித்தளைக் குடத்தை, மண்பானையைப் பற்றி உருகுகிறவர்களில் அவற்றைத் தினம் சுமந்தவர்கள் எவ்வளவு பேர்? தெருமுனையில் லாரிக்குக் காத்திருக்கிற வரிசையை நினைத்துப் பாருங்கள், பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாக. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டபோது சென்னையைத் தாங்கியது அந்தக் குடங்களும் அவற்றைத் தூக்கிய இடுப்புகளும்தான். அந்த ஏரிகளில் மூன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. பிளாஸ்டிக்கின் குற்றப் பட்டியல் நீளமானது, நான் மறுக்கவில்லை. ஆனால் பெண்களின் முதுகிலிருந்து இத்தனை கிலோவை இறக்கி வைத்த இன்னொரு பொருளை எனக்குக் காட்ட முடியாது. அந்தக் குடம் அச்சில் வார்த்து விழுவதற்கு ஒரு நிமிடம் பிடிக்குமா என்பதே சந்தேகம். அந்த ஒரு நிமிடத்துக்குப் பக்கத்தில் என் 41 மணி நேரத்தை வைத்து, இதுதான் உயர்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாளி எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் செடிக்கு அதில்தான் ஊற்றுகிறேன். தினம் நனைய வேண்டும் என்பதால் ஊருக்குப் போனால்கூட பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறேன், நாய் வளர்க்கிறவர்கள் மாதிரி. அது ஒரு விருப்பம், அவ்வளவுதான். தர்மமாக ஆக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் முடிந்திருக்கும். போன மாதம் என்னோடு படித்த ஒருவன் போன் செய்தான். ஈசிஆரில் ஒரு ரிசார்ட்டுக்கு இன்டீரியர் செய்கிறான். வாளியின் போட்டோவை எங்கோ பார்த்திருக்கிறான். இருபது வேண்டும், ஒன்றுக்கு 4,500 ரூபாய், துண்டு மடித்து வைக்க. தண்ணீர் ஊற்றாமல் வைத்தால் பிரிந்துவிடுமே என்றேன். "உள்ள கம் போட்டுட்டாப் போச்சு" என்றான்.

அன்று ராத்திரி ஸ்ப்ரெட்ஷீட் திறந்துவிட்டேன், இது ரத்தத்தில் இருக்கிறது. டேபிள் சா, கோணத்துக்கு ஒரு ஜிக், அடிப்பலகைக்கு ஒரு ரவுட்டர். 41 மணி நேரம் ஒன்பதாகக் குறைகிறது. நாள் கூலி 1,200 என்று போட்டால் எனக்கு நல்ல லாபம். அந்த ஒன்பது மணி நேரம் இனிமேல் என்னுடையது இல்லை, வேறொருவருடையது என்பது மட்டும் எந்தக் கட்டத்திலும் விழவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்த அத்தனையும் ஒரு செல்லில் வந்து நின்றது. வேண்டாம் என்று சொல்வது சுலபம், என்னிடம் சம்பளம் இருக்கிறது. ஆனால் நான் வேண்டாம் என்றால் என் கை சுத்தமாக இருக்கும், யாருக்கோ ஒரு வேலை போகும்.

மீஞ்சூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். வாலிபத்தில் வண்டிச் சக்கரம் போட்டவர், அப்புறம் ஜன்னல், கதவு, இப்போது அதுவும் ரெடிமேடாக வந்துவிட்டதால் ரிப்பேர் மட்டும். வாளியை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். காடிக்குள் விரலை ஓட்டினார். பட்டையைத் தட்டிப் பார்த்து "இது யாரு அடிச்சது?" என்றார். எங்கள் அப்பா என்றேன். "உம்" என்றார். விஷயத்தைச் சொன்னேன். என் தயக்கத்தையும் கொஞ்சம் சொல்லப் பார்த்தேன், இது உங்களுக்குத் திருப்தியான வேலையாக இருக்குமா, அலங்காரத்துக்குத்தான் கேட்கிறார்கள், என்று.

"அவன் இன்னா வெச்சுக்கினா உனக்கின்னா தம்பி, துட்டு குடுக்கறான் இல்ல? எனக்குப் பேரத்த மட்டும் நேரா பேசு" என்றார்.

பேசினோம். நாள் கூலி வேண்டாம், உருப்படிக்கு இவ்வளவு. பாதி முன்பணம். வேலை அவர் வீட்டுத் திண்ணையில்தான், என் பின்கட்டுக்கு வர மாட்டார். டேபிள் சா அவருக்கு ஆகாது, பேரனுக்குத் தெரியும், அவன் லீவில் வரும்போது அறுத்துக்கொடுப்பான். என்றைக்கு முடியும் என்று போன் பண்ணிக் கேட்கக் கூடாது, ஆனதும் அவரே சொல்வார். கம் போடச் சொல்கிறார்களே என்றேன். "கம் போட்டா அது வாளி இல்ல, ரவுண்டா ஒரு பொட்டி. பொட்டிக்கு வேற ரேட்டு. எது வோணும்னு அவனக் கேட்டுச் சொல்லு."

பிறகு வாளியைக் கவிழ்த்து வைத்து, பலகைகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பதினாறு எதுக்குப் போட்ட? பன்னெண்டு போதும். எடுக்கு கொறையும், ஒழுகறதும் கொறையும். இந்த பேக்கிங் மரம் வாணாம், பலா பாக்கறேன்."

பன்னிரண்டு என்றால் விளிம்புக்குப் 15 டிகிரி. நோட்டில் எழுதிக்கொண்டேன்.